அடிலெய்டு 1999: அர்ஜுன ரணதுங்க ஆட்டத்தை நிறுத்திய கால் மணி நேரம்

விளையாட்டு வரலாற்றில் மறக்க முடியாத தருணம் எது, மனதில் பட்டதைப் பட்டென்று பேசிவிடும் வீரர்களால் விளையாட்டுக்கு நன்மையா கெடுதலா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு வழக்கமாக முகமது அலியும், மெக்சிகோ ஒலிம்பிக்கில் கையை உயர்த்தி நின்ற டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும், நடுவரிடம் கத்திய மெக்கன்ரோவும் பதிலாக வருவார்கள். அவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் கிரிக்கெட்டுக்கு வருகிறேன். 1999 ஜனவரி 23, அடிலெய்டு ஓவல், இலங்கைக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த ஒருநாள் ஆட்டம். என் பதில் அதுதான்.

அன்று நடந்தது சுருக்கமாக இது. இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் பந்துவீச வந்த சிறிது நேரத்தில், பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நின்ற ஆஸ்திரேலிய நடுவர் ராஸ் எமர்சன் கையை நீட்டி நோ-பால் என்றார். காரணம், முரளி பந்தை வீசவில்லை, மடங்கிய முழங்கையை நீட்டி எறிகிறார் என்பது. இலங்கைக் கேப்டன் அர்ஜுன ரணதுங்க நேராக எமர்சனிடம் போனார். விரலை நீட்டி, முகத்துக்கு முகம் நின்று வாதாடினார். பிறகு மொத்த அணியையும் எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. அணி நிர்வாகிகள் கோட்டருகே வந்து பேசினார்கள், கொழும்புக்குத் தொலைபேசி பறந்தது. சுமார் கால் மணி நேரம் ஆட்டம் அப்படியே நின்றது. அப்புறம் திரும்பி வந்து, முரளியின் கையிலேயே பந்தைக் கொடுத்தார்.

காட்சியாகப் பார்த்தால் ஒரு கேப்டன் நடுவரை மிரட்டுவதாகத்தான் தெரியும். இங்கிலாந்து கேப்டன் அலெக் ஸ்டூவர்ட்டும் அப்படித்தான் பார்த்தார். ஒரு நாட்டின் கேப்டன் இப்படியா நடந்துகொள்வது என்று அவர் அர்ஜுனவிடம் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் பதிவாகியிருக்கிறது. இது ஒரு நாள் கோபம் இல்லை என்பது முன்கதை தெரிந்தால்தான் புரியும்.

முன்கதை 1995-ல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பாக்சிங் டே டெஸ்ட்டில் தொடங்குகிறது. மெல்போர்ன் மைதானத்தில் அன்று ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். நடுவர் டேரல் ஹேர், மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை முரளியை நோ-பால் என்றார். அதுவும் பந்துவீச்சாளர் முனையில் நின்றுகொண்டே. எறிதலைக் கவனிப்பது வழக்கமாக ஸ்கொயர் லெக் நடுவரின் வேலை. ஏனென்றால் முழங்கை மடங்கி நீள்வது பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் ஓரளவு தெரியும். அர்ஜுன முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் ஒரு பந்தைக்கூடத் தப்பு சொல்லவில்லை. முரளி அந்த முனையிலிருந்து முப்பது ஓவருக்கும் மேல் வீசினார். ஒரே ஆள், ஒரே கை, ஒரே ஆட்டம். ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் சரி.

பத்து நாள் கழித்து, 1996 ஜனவரி 5, பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுடன் ஒருநாள் ஆட்டம். அங்கே நடுவராக நின்றவர்தான் எமர்சன். அவரும் முரளியைத் திரும்பத் திரும்ப நோ-பால் என்றார். முரளி வம்பே வேண்டாம் என்று, தன் வழக்கமான பந்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் லெக் பிரேக் போட்டுப் பார்த்தார், அதற்கும் நோ-பால். லெக் பிரேக்கை முழங்கையால் எறிந்து போடுவது நடைமுறையில் ஆகாத காரியம் என்று பந்துவீச்சு தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்த இடத்தில் நடுவர் பார்த்தது பந்தையா, ஆளையா என்ற கேள்வி எழுந்தது. எனக்கு இன்றும் அந்தக் கேள்வி இருக்கிறது. அந்தச் சுற்றுப்பயணத்தில் அதன் பிறகு முரளியை இறக்கவில்லை.

முரளியின் கை பிறவியிலேயே வேறு மாதிரி. முழங்கையை முழுதாக நீட்டவே முடியாது, எப்போதும் கொஞ்சம் மடங்கியபடிதான் இருக்கும். கூடவே அசாதாரணமாகச் சுழலும் மணிக்கட்டு, தளர்வான தோள். விதி, கை மடங்கியிருக்கிறதா என்று கேட்பதில்லை. பந்தை விடும் நேரத்தில் மடங்கிய கை நீள்கிறதா என்றுதான் கேட்கிறது. 1996-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் முரளியின் கையைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். எறிவதுபோல் தோன்றுவது கண்ணின் மயக்கம் என்று முடிவு வந்தது. சர்வதேசக் கிரிக்கெட்டை ஆளும் ஐசிசியும் ஆடலாம் என்றது. அதாவது 1999-ல் எமர்சன் கையை நீட்டியபோது, விளையாட்டை ஆளும் அமைப்பு ஏற்கெனவே அனுமதித்திருந்த ஒருவரை, ஒரு தனி நடுவர் தன் கண்ணை நம்பி மறுபடி குற்றவாளியாக்கினார். அர்ஜுன எல்லைக்கோடு வரை போனது இதற்காகத்தான்.

இங்கிலாந்தோடு இன்னொரு பழைய பாக்கியும் இருந்தது. 1998 ஆகஸ்டில் லண்டன் ஓவல் டெஸ்ட். டாஸ் வென்ற அர்ஜுன, ஆடுகளம் பேட்டிங்குக்கு அருமையாக இருந்தும் இங்கிலாந்தை ஆடச் சொன்னார். இங்கிலாந்து 445 எடுத்தது, எல்லாரும் சிரித்தார்கள். அவர் கணக்கு வேறு. தான் முதலில் ஆடி, பிறகு இங்கிலாந்து ஃபாலோ ஆன் வாங்கி உடனே மறுபடி ஆட நேர்ந்தால், முரளி இரண்டு இன்னிங்ஸையும் ஒரே மூச்சில் வீசவேண்டியிருக்கும். நடுவே அவருக்கு ஓய்வு வேண்டும். ஜெயசூர்யா 213, அரவிந்த டி சில்வா 152 அடிக்க, இலங்கை 591 எடுத்த நேரம் முழுக்க முரளி ஓய்வெடுத்தார். திரும்பி வந்து இரண்டாவது இன்னிங்ஸில் 9 விக்கெட், ஆட்டத்தில் மொத்தம் 16. இலங்கைக்குப் பத்து விக்கெட் வெற்றி. ஆட்டத்தின்போது இங்கிலாந்து பயிற்சியாளர் டேவிட் லாயிட் முரளியின் பந்துவீச்சைப் பற்றி ஜாடையாகப் பேசி, சொந்த வாரியத்திடமே கண்டனம் வாங்கினார்.

இந்த ஓவல் கதையைச் சொல்லக் காரணம் உண்டு. அர்ஜுனவை வாய்க்கொழுப்பு பிடித்தவர் என்று நினைப்பவர்கள் அவருடைய கணக்கைக் கவனிப்பதில்லை. அடிலெய்டில் அவர் கோட்டைத் தாண்டாமல் நின்றதும் அதே வகைக் கணக்குதான். தாண்டியிருந்தால் ஆட்டத்தைக் கைவிட்டதாகிவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றதால் ஆட்டமும் போகவில்லை, சொல்லவேண்டியதையும் சொல்லியாயிற்று.

இங்கே 1981 மெல்போர்னை நினைக்காமல் இருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் லில்லி பந்தில் எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்ட இந்தியக் கேப்டன் சுனில் கவாஸ்கர், மட்டையில் பட்ட பந்து அது என்று கொதித்து, கூட ஆடிக்கொண்டிருந்த சேதன் சௌஹானையும் இழுத்துக்கொண்டு வெளியேறப் பார்த்தார். எல்லைக்கோட்டருகே மேலாளர் துரானி சௌஹானைத் தடுத்துத் திருப்பி அனுப்பியதால் ஆட்டம் பிழைத்தது. பிறகு ஆஸ்திரேலியா 83 ரன்னுக்குச் சுருண்டு இந்தியா ஜெயித்தது. அன்று நடந்துகொண்டதற்காகக் கவாஸ்கர் பின்னாளில் வருத்தம் தெரிவித்தார். கவாஸ்கருடையது தன் விக்கெட்டுக்காக வந்த கோபம். அர்ஜுனவுக்கு அந்த நோ-பாலால் தனிப்பட்ட நஷ்டம் ஒன்றுமில்லை. என் கணக்கில் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

அடிலெய்டுக்குத் திரும்புவோம். ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகும் அர்ஜுன விடவில்லை. நடுவர் எங்கே நிற்கவேண்டும் என்று தரையில் கோடு போட்டே காட்டினார். நடுவராக இருந்தவர்கள் யாருக்கும் இது பிடிக்காது. எனக்கும் அந்தக் கோடு அதிகப்படி என்றுதான் தோன்றுகிறது. இங்கிலாந்து 50 ஓவரில் 3 விக்கெட்டுக்கு 302. கிரேம் ஹிக் ஆட்டமிழக்காமல் 126. அந்தக் காலத்தில் 300-ஐத் துரத்துவது லேசான வேலை இல்லை. இலங்கைக்காக இளம் மஹேல ஜெயவர்தன 120 அடித்தார். நடுவில் ரோஷன் மஹாநாம குறுக்கே ஓடி இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் டேரன் காஃபை இடித்தார், காஃப் தலையால் முட்டுவதுபோல் பாவனை செய்தார். ஸ்டூவர்ட் தோளால் ஓர் இலங்கை வீரரை உரசினார். கிரிக்கெட் என்ற பெயரில் கிட்டத்தட்ட கபடி நடந்தது. கடைசி ஓவரில் இரண்டு பந்து மீதமிருக்க, ஒரு விக்கெட் மட்டும் கையில் வைத்துக்கொண்டு இலங்கை ஜெயித்தது. அப்போது களத்தில் நின்ற கடைசி ஜோடியில் ஒருவர் முரளி. கதையாக எழுதியிருந்தால் மிகை என்று அடித்துவிடுவார்கள்.

தண்டனை என்ன ஆயிற்று என்று பார்த்தால் அதுவும் அர்ஜுன பாணிதான். விசாரணைக்கு இலங்கைத் தரப்பு வழக்கறிஞர்களோடு வந்தது. ஆட்ட நடுநிலையாளர் (மேட்ச் ரெஃபரி) பீட்டர் வான் டெர் மெர்வேக்கு அது புது அனுபவம். கடைசியில் ஆட்ட ஊதியத்தில் 75 விழுக்காடு அபராதம், ஆறு ஆட்டத் தடை. அந்தத் தடையும் நிறுத்திவைக்கப்பட்ட தடை. எமர்சன் பக்கம் இன்னொரு செய்தி வெளிவந்தது. மன அழுத்தம் காரணமாகத் தன் வழக்கமான வேலையிலிருந்து அவர் மருத்துவ விடுப்பில் இருந்த நேரம் அது. அதன் பிறகு அவரைச் சர்வதேச ஆட்டங்களில் நிறுத்தவில்லை.

முரளி மலையகத் தமிழர் என்பது இந்தக் கதையின் இன்னொரு அடுக்கு. கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய குடும்பம். 1977 கலவரத்தில் அந்தத் தொழிற்சாலை எரிக்கப்பட்டது, தந்தை தாக்கப்பட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கொழும்பு ஆனந்தா கல்லூரியில் படித்த ஒரு சிங்களக் கேப்டன், அணியின் தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக உலகத்தின் முன் சண்டை போட்டார். இதை இன நல்லிணக்கத்தின் அடையாளமாகச் சிலர் எழுதுவார்கள். ஆட்டம் ஜெயித்துத் தரும் தன் முதன்மைப் பந்துவீச்சாளரைக் காப்பாற்றாத கேப்டன் எங்கே இருக்கிறார் என்று சிலர் கேட்பார்கள். இரண்டாவது பார்வை எனக்கு அதிகம் பொருந்துகிறது. அர்ஜுன அன்று தமிழருக்காகப் போராடவில்லை, தன் அணியில் ஒருவருக்காகப் போராடினார். அதுவே அந்த நாட்டில், அந்தக் காலத்தில், சின்ன விஷயம் இல்லை. (முரளி பிற்காலத்தில் பேசிய அரசியலால் தமிழர்களில் பலருக்கு அவர்மேல் கோபம் உண்டு. அது வேறு விவாதம்.)

சரி, அர்ஜுனவின் வாய் எப்போதும் நல்ல காரியத்துக்குத்தான் பயன்பட்டதா? இல்லை. ஆஸ்திரேலியர்களோடு அவர் வைத்துக்கொண்ட பகையில் இரண்டு முகமும் தெரியும். 1996 ஜனவரியில் சிட்னி இறுதி ஆட்டத்தில் அர்ஜுன கால் பிடித்துக்கொண்டு, தனக்குப் பதிலாக ஓட ரன்னர் கேட்டபோது, குண்டாக இருப்பதற்கும் உடற்தகுதி இல்லாததற்கும் ரன்னர் கிடையாது என்று ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் இயன் ஹீலி கெட்டவார்த்தையோடு சொன்னது மைக்கில் பதிவானது. அந்தப் பயணத்தில் இலங்கை வீரர்கள் பந்தைச் சேதப்படுத்தியதாகவும் பெர்த்தில் குற்றம் சாட்டப்பட்டு, பின்னர் அது இல்லையென்று ஐசிசி விடுவித்தது. இத்தனைக்கும் பதிலாக அர்ஜுன சொன்ன ஒன்று பெயர்பெற்றது. எங்களுக்கு 2500 ஆண்டுப் பண்பாடு இருக்கிறது, அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும் என்றார். பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்திய கைதிகளின் வாரிசுகள் என்ற குத்தல் அது. சுள்ளென்று இருக்கிறது, ஆனால் அழகான பேச்சு என்று சொல்ல மாட்டேன். பிறப்பைச் சொல்லித் திட்டுவது யார் வாயிலிருந்து வந்தாலும் ஒன்றுதான்.

அவர் பேச்சு மிக நன்றாக வேலை செய்த இடம் 1996 உலகக் கோப்பை. கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கையில் ஆட மறுத்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்புக்கு வந்து ஒரு காட்சி ஆட்டம் ஆடின. இப்போது நினைத்தால் நம்ப முடியாத விஷயம் அது. மார்ச் 17, லாகூர், இறுதி ஆட்டம், எதிரே ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னைத் தேவைக்கு மேல் தூக்கிப் பேசுகிறார்கள் என்று அர்ஜுன முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார். டாஸ் வென்று பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். அதுவரை நடந்த ஐந்து உலகக் கோப்பை இறுதியிலும் முதலில் ஆடிய அணியே ஜெயித்திருந்தது. ஆஸ்திரேலியா 241. அரவிந்த மூன்று விக்கெட் எடுத்து, ஆட்டமிழக்காமல் 107 ரன்னும் அடித்தார். அர்ஜுன 47 நாட் அவுட். வார்னின் ஃபுல் டாஸ் ஒன்றைச் சிக்சருக்குத் தூக்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினார். வார்ன் 10 ஓவரில் 58 ரன் கொடுத்து விக்கெட் இல்லாமல் முடித்தார். வார்ன் சாதாரணப் பந்துவீச்சாளர் என்று அர்ஜுன உண்மையிலேயே நம்பினார் என நான் நினைக்கவில்லை. எதிராளியைவிடத் தன் அணிக்குத்தான் அவர் அந்தப் பேச்சைப் பேசினார் என்று தோன்றுகிறது. வார்ன் பெயரைக் கேட்டாலே முழங்கால் நடுங்கிய காலம் அது.

இதற்கு நேர் எதிர் முனையில் இன்னொருவரை வைத்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் கிடைக்கும். இந்தியாவின் சுழற்பந்து வீச்சாளர், முன்னாள் கேப்டன் பிஷன் சிங் பேடி. இந்தியக் கிரிக்கெட்டில் அவரைப்போல் மனதில் பட்டதைப் பேசியவர் அரிது. 1976-ல் ஜமைக்காவில் மேற்கிந்தியத் தீவுகளின் மைக்கேல் ஹோல்டிங் கூட்டம் உடலைக் குறிவைத்து வீச, ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு விழுந்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸை 97 ரன்னில் முடித்துக்கொண்டார் பேடி, ஐந்து பேர் ஆடவே வரவில்லை. 1978-ல் சாஹிவாலில் பாகிஸ்தானுடன் ஒருநாள் ஆட்டம். கையில் எட்டு விக்கெட், வெற்றி எட்டும் தூரம். சர்ஃப்ராஸ் நவாஸ் வரிசையாகத் தலைக்கு மேல் பவுன்சர் போட, நடுவர் வைட் கொடுக்கவில்லை. பேடி பேட்ஸ்மேன்களைத் திரும்ப அழைத்து ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தார்.

நம் சேப்பாக்கமும் இந்தக் கதையில் வருகிறது. 1977 பொங்கல் சமயத்தில் நடந்த டெஸ்ட்டில், இங்கிலாந்தின் ஜான் லீவர் நெற்றியில் வாசலின் தடவிய துணிப்பட்டை ஒட்டிக்கொண்டு வீசினார். வியர்வை கண்ணில் வழியாமல் இருக்கத்தான் என்றது இங்கிலாந்து. பந்தைப் பளபளப்பாக்கத்தான் என்று பேடி வெளிப்படையாகச் சொன்னார். குற்றம் நிரூபணமாகவில்லை. அவர் ஆடிக்கொண்டிருந்த நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி அதன்பின் ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. காரணம் இந்தப் பேச்சுதான் என்று பேடி கடைசிவரை நம்பினார். வாய் திறந்ததற்குச் சம்பளத்தையே விலையாகக் கொடுத்த ஆள்.

அப்படிப்பட்ட பேடிதான் முரளியின் மிகக் கடுமையான எதிரி. முரளி ஆயிரம் விக்கெட் எடுத்தாலும் என் கண்ணுக்கு அவையெல்லாம் ரன் அவுட்தான் என்றார். ஆய்வுக்கூட அறிக்கைகள் அவரை அசைக்கவில்லை. 2023-ல் இறக்கும்வரை அந்தக் கருத்தை அவர் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரே நேர்மை, ஒரே துணிச்சல். ஜமைக்காவில் அவரைச் சரியான பக்கத்தில் நிறுத்திய அதே குணம், முரளி விஷயத்தில் கண்ணை மறைத்தது என்பது என் தீர்ப்பு. பேடியின் ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

விஞ்ஞானம் என்ன சொன்னது என்பதையும் முடித்துவிடுகிறேன். 2004-ல் முரளியின் தூஸ்ராவில், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தில், கை சுமார் 14 பாகை நீள்வதாக அளக்கப்பட்டது. அப்போது சுழற்பந்து வீச்சாளருக்கு அனுமதி 5 பாகைதான். அதே ஆண்டு சாம்பியன்ஸ் டிராபியில் எல்லாப் பந்துவீச்சாளர்களையும் படம்பிடித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாருடைய கையுமே கொஞ்சம் நீள்கிறது என்று தெரிந்தது, சுத்தமான ஆக்‌ஷன் என்று பெயரெடுத்த வேகப்பந்து வீச்சாளர்கள் உட்பட. கண்ணுக்குத் தெரியும் எல்லை 15 பாகை என்று வைத்து, 2005 மார்ச் முதல் அனைவருக்கும் ஒரே விதி வந்தது. முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. பழைய விதியை உள்ளபடி அமல்படுத்தியிருந்தால் பந்துவீச ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. முரளி முழங்கையில் இரும்புப் பட்டை மாட்டி, கை அசையவே முடியாதபடி வைத்துக்கொண்டு, கேமரா முன்னால் அதே பந்துகளை வீசியும் காட்டினார். 2010 ஜூலையில் காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார்.

மெல்போர்னில் முரளியை நோ-பால் என்ற அதே டேரல் ஹேர் 2006-ல் லண்டன் ஓவலில் பாகிஸ்தான் பந்தைச் சேதப்படுத்தியதாக ஐந்து ரன் அபராதம் போட, கேப்டன் இன்சமாமின் அணி தேநீருக்குப் பின் களமிறங்க மறுத்தது. ஓர் அணி ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாக அறிவிக்கப்பட்ட முதல் டெஸ்ட் அது. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்ற கணக்கு இன்சமாமுக்குத் தெரியவில்லை.

அர்ஜுனவின் பிற்காலம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1999 உலகக் கோப்பையில் இலங்கை முதல் சுற்றிலேயே வெளியேற, கேப்டன் பதவி போனது. அடுத்த ஆண்டு ஓய்வு. இலங்கையின் முதல் டெஸ்ட்டிலும் நூறாவது டெஸ்ட்டிலும் ஆடியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அப்புறம் அரசியல், அமைச்சர் பதவி. 2017-ல், 2011 உலகக் கோப்பை இறுதியில் இலங்கை தோற்றதில் சந்தேகம் இருக்கிறது, விசாரிக்கவேண்டும் என்று கிளப்பினார். ஆதாரம் எதையும் மேசையில் வைக்கவில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றி 2020-ல் இலங்கைப் போலீஸ் நடத்திய விசாரணை, ஆதாரம் இல்லையென்று மூடப்பட்டது. அடிலெய்டில் அவர் பேசியபோது கையில் ஐசிசியின் அனுமதி இருந்தது, முன்னால் ஒரு குறிப்பிட்ட நோ-பால் இருந்தது, தண்டனை தன் தலையில் விழும் என்றும் தெரியும். 2017-ல் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. வெளிப்படையாகப் பேசுபவர்களால் நன்மையா கெடுதலா என்று கேட்டீர்களே, நான் அளப்பது இந்த மூன்றை வைத்துத்தான்.

இன்று அடிலெய்டு மாதிரி ஒன்று நடக்க வாய்ப்பு குறைவு. சந்தேகம் வந்தால் நடுவர்கள் ஆட்டம் முடிந்த பிறகு அறிக்கை கொடுப்பார்கள், வீரர் ஆய்வுக்கூடத்துக்குப் போவார், உடம்பில் குறிகள் ஒட்டி அதிவேக கேமராக்கள் அளக்கும். 2014-ல் பாகிஸ்தானின் சயீத் அஜ்மல் அப்படித்தான் நிறுத்தப்பட்டார். உலகின் முதல்நிலை ஒருநாள் பந்துவீச்சாளராக இருந்தவர், ஆக்‌ஷனை மாற்றிக்கொண்டு அடுத்த ஆண்டு திரும்பினார். ஆனால் பழைய பந்து திரும்பவில்லை. அவருக்காக வாதாடவேண்டுமென்றால் கேப்டன் போயிருக்கவேண்டிய இடம் மைதானம் இல்லை, பிரிஸ்பேனில் இருந்த ஆய்வுக்கூடம்.